அந்த 150 டாலர் எங்கிருந்து வந்தது? கலிஃபோர்னியக் கைப்பேசி முறிவுக் கட்டண வழக்கு

2007ஆம் ஆண்டின் கடைசியில், ஃப்ரீமாண்ட்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தங்கியிருந்த வீட்டின் கூடத்தில், அறை நண்பர் ஒருவர் காலை முழுவதும் தொலைபேசியைக் காதில் வைத்தபடி குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவருடைய பிராஜெக்ட் திடீரென முடிந்துவிட்டது. வியாழக்கிழமை சென்னைக்கு டிக்கெட். வங்கிக் கணக்கு, வாடகைப் பங்கு, பழைய கார் எல்லாவற்றையும் இரண்டே நாளில் முடித்துவிட்டார். கைப்பேசி இணைப்பு ஒன்றுதான் முடியவில்லை.

இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து மாதம் பாக்கி. மாதக் கட்டணம் 40 டாலர். இப்போதே முறித்துக்கொண்டால் 200 டாலர் கட்ட வேண்டும் என்றார் மறுமுனையில் இருந்த பெண். நண்பர் கணக்கில் புலி. ஐந்து மாதம் பேசாமலே பில் கட்டினாலும் 200, முறித்தாலும் 200. பாக்கி நான்கே மாதம் என்றால் முறிப்பதைவிடச் சும்மா கட்டிக்கொண்டிருப்பதுதான் லாபம். அவர் குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த 200 எப்படி வந்தது என்று சொல்ல முடியுமா?" சற்று மௌனம். பிறகு, "எங்கள் கணினியில் அப்படித்தான் இருக்கிறது, சார்."

அடுத்த கோடையில் ஏறத்தாழ இதே கேள்வியை ஒரு நீதிபதி கேட்டார். ஃப்ரீமாண்ட் இருக்கும் அதே ஆலமீடா கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போய்விடக்கூடிய தூரத்தில். அங்கே கிடைத்த பதிலும் ஏறத்தாழ இதுதான் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத் தீர்ப்பைப் படித்தபோதுதான் தெரிந்தது.

ரீசார்ஜ் முடிந்தால் சிம்மைக் கழற்றி எறிந்துவிடும் ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் அந்த ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அன்றைய அமெரிக்காவில் கைப்பேசியைக் கடையில் முழு விலைக்கு வாங்குபவர்கள் அரிது. நிறுவனம் கருவியைப் பாதி விலைக்கோ இலவசமாகவோ கொடுக்கும். பதிலுக்கு ஓராண்டோ ஈராண்டோ அதன் சேவையிலேயே இருப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும். பின்னாளைய உதாரணம் ஒன்று: 2012இல் வந்த ஐஃபோன் 5இன் முழு விலை 649 டாலர், ஒப்பந்தத்தோடு 199. இடையில் நிற்கும் 450 டாலரை நிறுவனம் மாதக் கட்டணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 18 டாலர் 75 சென்ட். மூன்றாம் மாதமே ஒருவர் கிளம்பிவிட்டால் நிறுவனத்துக்கு நஷ்டம் என்பதில் பொய் இல்லை. அதை ஈடுகட்ட வைத்ததாகச் சொல்லப்பட்டதுதான் முறிவுக் கட்டணம்.

ஆனால் நான் சொல்ல வந்த வழக்கின் கட்டணம் மூன்றாம் மாதம் போனாலும் 150 டாலர், இருபத்து மூன்றாம் மாதம் போனாலும் 150. கருவியை இலவசமாக வாங்கியவருக்கும் அதுவே. தன் பழைய கருவியைக் கொண்டுவந்து சேவையில் மட்டும் சேர்ந்தவருக்கும் அதுவே. கடன் தீரத் தீரக் குறையாத பாக்கி எதுவும் எனக்குத் தெரிந்த எந்த வட்டிக்கடையிலும் கிடையாது.

வழக்கு

அமெரிக்காவின் பெரிய கைப்பேசி நிறுவனங்கள் பலவற்றின் மீதும் கலிஃபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் கூட்டு வழக்குகள் போட்டார்கள். அவற்றை ஒன்றாகத் திரட்டி 'கைப்பேசி முறிவுக் கட்டண வழக்குகள்' என்ற பெயரில் ஆலமீடா கவுண்டி உயர்நிலை நீதிமன்றத்தில் நீதிபதி பானி சப்ராவிடம் ஒப்படைத்தார்கள். வெரைசன் மீதான விசாரணை 2008 கோடையில் தொடங்கி, நடுவிலேயே 2 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. ஸ்பிரிண்ட் கடைசிவரை நின்று வாதாடியது. அதனால்தான் நமக்குப் படிக்க ஒரு தீர்ப்பு கிடைத்தது. சமரசங்கள் பணம் தரும், காரணம் சொல்லாது.

ஸ்பிரிண்ட் தரப்பு எண்களைப் பார்க்கலாம். 1999 முதல் 2007 வரை கலிஃபோர்னியாவில் முறிவுக் கட்டணம் விதிக்கப்பட்டவர்கள் 19,86,537 பேர். விதித்த மொத்தத் தொகை 29,94,73,408 டாலர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 150 டாலரைச் சற்றே தாண்டும். வசூலானது 7,37,75,975 டாலர். விதித்ததில் கால் பங்கு.

முக்கால் பங்கு வசூலாகவே இல்லை என்பது எனக்கு இந்த வழக்கின் மிகப் பேசும் தகவலாகப் படுகிறது. தானாக விலகியவர்களுக்கு மட்டுமல்ல, பில் கட்டாததால் நிறுவனமே இணைப்பைத் துண்டித்தவர்களுக்கும் இதே கட்டணம் விதிக்கப்பட்டது. மாதம் 40 டாலர் கட்ட வழியில்லாதவரிடம், அவர் 40 டாலர் கட்டாத குற்றத்துக்காக 150 டாலர் கேட்டால் என்ன கிடைக்கும்? அப்படியானால் அந்தக் கட்டணத்தின் வேலை வசூலாவது மட்டும் அல்ல. உள்ளே இருப்பவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதும் அதன் வேலை, வாசலில் கட்டிப்போட்ட நாய் மாதிரி.

சட்டம் கேட்டது என்ன

ஒப்பந்தத்தை முறித்தால் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைப்பது எங்கும் உள்ள வழக்கம். கட்டட ஒப்பந்தத்தில் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை ரூபாய் என்று எழுதுகிறோம் அல்லவா, அதுதான். கலிஃபோர்னிய உரிமையியல் சட்டத்தின் 1671ஆம் பிரிவு இதை இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டு வணிகர்களுக்கு இடையில் எழுதிய தொகை பொதுவாகச் செல்லும். தனிமனிதர் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பொருளிலோ சேவையிலோ அது தலைகீழ்: எழுதிய தொகை செல்லாது, உண்மையான இழப்பைக் கணக்கிடுவது மிகக் கடினம் என்று நிறுவனம் காட்டினால் மட்டுமே செல்லும். அதுவும் போதாது. அந்தத் தொகைக்கு வருமுன் சராசரி இழப்பு என்னவாக இருக்கும் என்று நியாயமாக முயன்று பார்த்திருக்க வேண்டும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1973இல், வீட்டுக் கடன் தவணைக்கான தாமதக் கட்டணம் பற்றிய வழக்கு ஒன்றில், சொல்லிவைத்திருந்தது.

நம் ஊரில் இந்தத் தொல்லையே வேறு மாதிரித் தீர்க்கப்பட்டிருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான ஈடு எதுவோ அதுதான் கிடைக்கும். எழுதிய தொகை பயமுறுத்தும் தண்டமா, நியாயமான இழப்பீடா என்ற ஆங்கிலேயப் பஞ்சாயத்தை அவர்களே இங்கே ஒரே வரியில் முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஸ்பிரிண்ட் மூன்று கோணங்களில் வாதாடியது.

முதலாவது, இது மாநில நீதிமன்றத்தின் எல்லைக்குள்ளேயே வராது என்பது. கைப்பேசிச் சேவையின் விலையை மாநிலங்கள் கட்டுப்படுத்தக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. முறிவுக் கட்டணமும் விலையின் ஒரு பகுதிதான், அது இல்லாவிட்டால் மாதக் கட்டணம் ஏறியிருக்கும் என்றார்கள். இதே வாதத்தோடு கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் 2005இலேயே கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தில் மனுப் போட்டு வைத்திருந்தது. ஆணையம் 2008 ஜூனில் விசாரணைக் கூட்டம் நடத்தியது. தீர்மானம் எதுவும் வரவில்லை. நீதிமன்றம் காத்திருக்கவில்லை. சேவைக்குக் கொடுப்பது விலை. சேவையை விட்டுப் போனதற்குக் கொடுப்பது விலையாகாது என்று முடித்துவிட்டது.

இரண்டாவது வாதம் கொஞ்சம் அழகானது. இது தண்டமே அல்ல, வாடிக்கையாளருக்குத் தரப்பட்ட இரண்டாவது வழி. இரண்டு வருடம் இருக்கலாம், அல்லது 150 கொடுத்துவிட்டுப் போகலாம், எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்பது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பில் கட்டாமல் நிறுவனத்தால் துண்டிக்கப்பட்டவர் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்? ஒப்பந்தத்தை மீறினால் மட்டுமே முளைக்கும் ஒரு தொகையைத் தெரிவு என்று சொல்ல முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது.

மூன்றாவதுதான் நண்பரின் கேள்வி. ஒருவர் விலகுவதால் ஏற்படும் இழப்பைக் கணக்கிடுவது கடினம் என்றது நிறுவனம். சரி, இருக்கட்டும். கணக்கிட முயன்றீர்களா? கட்டணத்தை நிர்ணயித்தபோது யார் உட்கார்ந்து என்ன கணக்குப் போட்டார்கள்? விசாரணையில் வெளிவந்தது இதுதான்: இழப்பு எவ்வளவு என்று யாரும் ஆராய்ந்து பார்த்திருக்கவில்லை. வாடிக்கையாளர்கள் விலகிப்போவதைத் தடுக்க வேண்டும், சந்தையில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்பவைதான் அந்த எண்ணைத் தீர்மானித்திருந்தன. கட்டணம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. வசூலாகாத தொகையை இனி வசூலிக்கத் தடை. வசூலித்த 7 கோடியே 37 லட்சம் டாலர் திரும்பத் தரப்பட வேண்டியது.

கழித்தல் கணக்கு

இங்கேதான் வழக்கு நான் எதிர்பார்க்காத பக்கம் திரும்புகிறது.

கட்டணம் செல்லாது என்றால் நிறுவனத்துக்கு ஒன்றுமே கிடையாது என்று ஆகிவிடாது. எழுதிவைத்த தொகைதான் போயிற்று. உண்மையில் பட்ட நஷ்டத்தை நிரூபித்தால் அதைக் கேட்கலாம். ஸ்பிரிண்ட் தன் வாடிக்கையாளர்கள் மீதே எதிர்வழக்குப் போட்டது. அதைத் தீர்மானிக்கும் வேலை ஜூரியிடம் வந்தது. வாடிக்கையாளர்கள் ஒப்பந்தத்தை மீறியது உண்மை, நிறுவனத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் 22,56,97,433 டாலர் என்றது ஜூரி. திருப்பித் தரவேண்டிய தொகையைவிட இது மூன்று மடங்கு. இரண்டையும் நேர்செய்தால் வாடிக்கையாளர் கைக்கு ஒரு சென்ட் வராது.

அந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விதித்த 29,94,73,408இலிருந்து வசூலான 7,37,75,975ஐக் கழியுங்கள். 22,56,97,433. கடைசி டாலர் வரை அதே எண். செல்லாது என்று தூக்கிப் போடப்பட்ட கட்டணத்தின் வசூலாகாத பாக்கியைத்தான் ஜூரி நஷ்டம் என்று எழுதிக் கொடுத்திருந்தது. இழந்த வருமானம் எவ்வளவு, வாடிக்கையாளர் போய்விட்டதால் நிறுவனத்துக்கு மிச்சமான செலவு எவ்வளவு என்று அவர்கள் பார்த்திருக்க வேண்டும். 150ஐக் கண்டுபிடித்தவர்கள் கணக்குப் போடவில்லை என்பது வழக்கு. வழக்கைத் தீர்க்க வந்தவர்களும் கணக்குப் போடவில்லை.

ஜூரியைக் குறை சொல்வது எளிது. வாரக்கணக்கில் நிபுணர்கள் இரு பக்கமும் நின்று எண்களைக் கொட்டியபின், தாளில் தெளிவாகத் தெரிந்த ஒரே தொகையைப் பிடித்துக்கொள்வது மனித இயல்பு. நீதிபதி அதை ஏற்கவில்லை. நஷ்டத்தை அளப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்ததை ஜூரி பின்பற்றவில்லை என்று அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் உறுதிசெய்தது: கட்டணம் செல்லாது, நஷ்டத்தை மறுபடி எண்ணுங்கள்.

அதே ஆண்டு ஏப்ரல் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு கைப்பேசி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கலிஃபோர்னியத் தம்பதியர் இருவருக்கு ஏடி அண்ட் டி 'இலவசம்' என்று கொடுத்த கைப்பேசிகளுக்கு 30 டாலர் 22 சென்ட் விற்பனை வரி போட்டிருந்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில், தகராறு வந்தால் தனி நடுவரிடம்தான் போகவேண்டும், எல்லோருக்குமாகக் கூட்டு வழக்குப் போடக் கூடாது என்று இருந்தது. அத்தகைய நிபந்தனை அநியாயம் என்பது கலிஃபோர்னியாவின் நிலைப்பாடு. உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை முறியடித்தது. 30 டாலருக்காக வக்கீல் வைத்துத் தனியாக நடுவரிடம் போகிறவர் யார்? இருபது லட்சம் பேரின் 150 டாலர்களை ஒரு மூட்டையாகக் கட்டி நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடிந்த காலம் அத்தோடு ஏறத்தாழ முடிந்தது.

ஸ்பிரிண்ட் அதையும் பயன்படுத்திப் பார்த்தது. மறுவிசாரணையை நிறுத்திவிட்டு எல்லாரையும் நடுவரிடம் அனுப்புங்கள் என்று மனுச் செய்தது. நஷ்டத்தை எண்ணுவதற்கு மட்டும்தான் வழக்கு திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது, புதுக் கதவு எதையும் திறக்க முடியாது என்று 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது.

வெளியே நடந்தது

வழக்கு ஊர்ந்துகொண்டிருக்க, சந்தை தன் வேகத்தில் போனது. 2006 இறுதியிலேயே வெரைசன், கட்டணத்தை மாதாமாதம் குறைப்பதாக அறிவித்தது: 175 டாலரில் தொடங்கி மாதம் 5 டாலர் கழியும். பிறகு 2009 நவம்பரில் ஸ்மார்ட்போன்களுக்கு அதை ஒரேயடியாக 350 ஆக்கியது. மாதம் 10 டாலர் கழியும். இருபத்து மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் பாக்கி 120 டாலர். ஆணையம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியது. கருவிக்குக் கொடுத்த சலுகை மட்டுமல்ல, விளம்பரம், கமிஷன், கடைச் செலவு எல்லாம் இதில் அடக்கம் என்று பதில் வந்தது. நான் கடையைவிட்டுப் போவதற்கு, என்னைக் கடைக்கு வரவழைத்த விளம்பரச் செலவையும் நானே தரவேண்டும் என்பது வணிகத்தில் புதிய சிந்தனை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2010 தொடக்கத்தில் கூகுளின் நெக்ஸஸ் ஒன் கருவியை டி-மொபைல் ஒப்பந்தத்தோடு வாங்கியவருக்குச் சேவை நிறுவனத்தின் 200, கூகுளின் 350 என்று இரண்டு கட்டணம் சேர்ந்து 550 டாலர் வரை போனது. கூச்சல் எழுந்தபின் கூகுள் தன் பங்கை 150ஆகக் குறைத்தது. 350 ஒரே மாதத்தில் 150 ஆக முடிந்தது என்றால் அந்த 350 எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று மறுபடியும் அதே கேள்விதான்.

கட்டணத்தை ஒழித்தது நீதிமன்றமும் அல்ல, ஆணையமும் அல்ல, போட்டி. 2013 மார்ச்சில் டி-மொபைல் இரண்டாண்டு ஒப்பந்தத்தையே கைவிட்டது. 2014 ஜனவரியில் இன்னொரு படி மேலே போய், எங்களிடம் மாறி வந்தால் பழைய நிறுவனத்தின் முறிவுக் கட்டணத்தை ஓர் இணைப்புக்கு 350 டாலர் வரை நாங்களே கட்டுகிறோம் என்றது. வாசலில் நாயைக் கட்டி என்ன பயன், பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு எலும்பு போடுகிறாரே. 2015 ஆகஸ்டில் வெரைசனும் 2016 ஜனவரியில் ஏடி அண்ட் டியும் புதியவர்களுக்கு இரண்டாண்டு ஒப்பந்தம் போடுவதை நிறுத்தின.

ஆனால் 2013 மார்ச்சில் டி-மொபைல் ஒப்பந்தத்தைக் கைவிட்ட அடுத்த மாதமே வாஷிங்டன் மாநிலத் தலைமை வழக்கறிஞர் பாப் ஃபெர்குசன் தலையிட்டார். 'ஒப்பந்தம் இல்லை' என்று விளம்பரம் சொல்கிறது. கருவியைத் தவணையில் வாங்கியவர் நடுவில் விலகினால் மீதித் தவணை முழுவதையும் உடனே கட்ட வேண்டும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை என்றார். நிறுவனம் விளம்பரத்தைத் திருத்துவதாக உறுதி கொடுத்தது. இந்தச் சிறிய சம்பவத்தைப் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். இன்று பெரிய நிறுவனங்கள் நடத்துவது அந்தத் தவணைமுறையைத்தான்.

இன்றைய ஏற்பாடு இப்படி: கருவியின் முழு விலையைப் பல நிறுவனங்களில் 36 மாதத் தவணையாகப் பிரித்து பில்லில் சேர்ப்பார்கள், அதே பில்லில் மாதச் சலுகை என்று அதைக் கழிப்பார்கள். 720 டாலர் கருவி என்று வைத்துக்கொண்டால் மாதம் 20 கூடும், 20 கழியும். இலவசம்தான். விலகிய நாளில் கழிப்பது நின்றுவிடும். மீதித் தவணை மட்டும் நிற்கும். முறிவுக் கட்டணம் என்ற பெயர் எங்கும் இல்லை. எழுதிவைத்த தண்டமும் இல்லை, எனவே 1671ஆம் பிரிவைக் கொண்டு தாக்குவதற்குப் பிடியும் எளிதில் கிடைக்காது. வாங்கிய பொருளின் விலையைக் கேட்கிறோம், அவ்வளவுதானே?

இது பழையதைவிட நேர்மையானது என்பதே என் எண்ணம். கட்டக் கட்டக் குறைகிறது, கருவியோடு சம்பந்தம் இருக்கிறது. பழையதைவிட நீளமான கயிறு என்பதும் உண்மை. இரண்டு வருடம் மூன்றாகியிருக்கிறது. முதல் மாதம் விலகுபவருக்கு 150க்குப் பதில் 700.

நண்பர் அன்று இணைப்பை முறிக்கவில்லை. சிம்மோடு கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, 200 டாலரையும் எண்ணி மேசைமேல் வைத்துவிட்டு விமானம் ஏறினார். ஐந்து மாதம் இரண்டு கைப்பேசிகளோடு அலைந்தேன். அவரைக் கேட்டு யார் அழைத்தாலும் "ஊருக்குப் போய்விட்டார்" என்று சொல்வது என் வேலை. ஒருமுறை அந்த நிறுவனமே அழைத்து, ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் புதுக் கருவி இலவசம் என்றது. அப்போதும் அதையே சொன்னேன்.

சென்ற ஆண்டு மகளுக்குக் கைப்பேசி வாங்கப் போயிருந்தேன். கடைப் பையன் கல்லூரி வயதுதான் இருப்பான். "ஒப்பந்தமே கிடையாது, எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்றான். இருபதாவது மாதம் முடிந்து கிளம்பினால் எவ்வளவு என்று கேட்டேன். கையிலிருந்த பலகைக் கணினியில் இரண்டு தட்டுத் தட்டி என் பக்கம் திருப்பினான். பதினாறு தவணை, ஒவ்வொன்றும் இருபது. 320.

"எப்படி வந்தது என்று விளக்கட்டுமா?" என்றான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.